பரங்கித் துரையின் கன்னம்

கப்பல் சின்னதாக இருந்தது. இதுவா அது, இவ்வளவுதானா என்று மனோரஞ்சிதம் வரிசையில் நின்றபடி அண்ணாந்து பார்த்தாள். அன்றைக்குக் காசிமேட்டுக் கரையில் வானத்தையே மறைத்துக்கொண்டு நின்றதே, மூன்று பாய்மரத்தையும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததே, இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் சிமெண்டுத் தொட்டிக்குள், முழங்கால் அளவுப் பச்சைத் தண்ணீரில், கால் உடைந்த கட்டிலை முட்டுக்கொடுத்து நிறுத்தின மாதிரி நிற்கிறது. பக்கவாட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ‘சமுத்திர சபதம் படத்தில் வந்த அசல் கப்பல்’ என்று ஒரு போர்டு. அசலாம் அசல். அதுவே அந்தக் காலத்துப் பரங்கிக் கப்பலைப் பார்த்துச் செய்த போலி. பழைய இரும்புப் படகின் மேல் பலகை அடித்து, பீரங்கிக்குப் பதிலாக பிளைவுட் குழாய் வைத்து, செட்டு போடுகிற ஆட்கள் ராப்பகலாக ஆணி அடித்துக் கட்டினது. அவளுக்குக் கப்பலா முக்கியம்? கப்பல் எக்கேடு கெட்டால் என்ன. வலது உள்ளங்கை காலையிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள். பணம் யாருக்கு வேண்டும், தயாபரன் கன்னம் வந்தால் போதும். மேலே தளத்தில்தான் இருக்கிறான். அந்தப் படத்தில் பரங்கித் துரையாக வந்த வில்லன். இப்போது சனி ஞாயிறு வந்தால் அதே துரை வேஷத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறானாம், வருகிறவர்கள் வரிசையாக அவனைக் கன்னத்தில் அறையலாமாம், அறைந்து வீடியோ எடுத்துக்கொள்ளலாமாம். ஹேமா செல்போனில் அதைக் காட்டினபோது மனோரஞ்சிதம் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ‘பாருங்கத்தை, அந்தக் காலத்து வில்லனாம், ஊரே போய் அடிக்குது’ என்று மருமகள் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. ஊரே அடிக்கும்போது, அடிக்க உரிமையுள்ள ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருப்பதா? விடிந்ததும் மகனிடம் சொன்னாள்: ‘டேய் கதிரேசா, எனக்கு அந்தக் கப்பலைப் பார்க்கணும்டா.’ எதையும் கேட்காத அம்மா கேட்கிறாளே என்று அவன் காரை எடுத்துவிட்டான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் கூட்டிக்கொண்டா வருவான், கையைப் பிடித்து வீட்டில் உட்கார வைத்திருப்பான்.

வரிசை நகர்ந்தது. ஹேமா ஏதோ சொன்னாள். இடது பக்கம் நின்று சொன்னாள் போலிருக்கிறது, வாய் அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். ‘இந்தப் பக்கம் வாம்மா’ என்று மனோரஞ்சிதம் வலது காதைத் திருப்பிக் கொடுத்தாள். ‘படி செங்குத்தா இருக்கு, என் கையைப் பிடிச்சுக்கங்கன்னேன் அத்தை.’ நல்ல பெண். அத்தைக்கு இடது காது கேட்காது என்று தெரியும், தெரிந்தும் பாதி நேரம் மறந்துபோய் அந்தப் பக்கமே வந்து பேசும். சின்ன வயசுக் காய்ச்சலில் போன காது என்று சொல்லி வைத்திருக்கிறாள். மாமியாரிடம் சொன்னது, புருஷனிடம் சொன்னது, காது டாக்டரிடமே சொன்னது. எந்தக் காய்ச்சல்? சிவப்புக் கோட்டு போட்டு, தலையில் மஞ்சள் டோப்பா வைத்துக்கொண்டு வந்த காய்ச்சல். புருஷன் போய்ச் சேர்ந்தார், அவருக்கும் தெரியாமலே போயிற்று. சினிமாவில் இருந்தவள் என்றாலே பெண் பார்க்க வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பின காலம், அதில் காதுக் கதை வேறு சொல்ல வேண்டுமா. அந்தக் காதுக்குள் எந்நேரமும் ஒரு சத்தம், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரே சீராக. சாமி கும்பிடும்போது ஓடியது, கதிரேசனைப் பெற்றபோது ஓடியது, புருஷனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் ஓடியது. வலது காதில் உலகம், இடது காதில் தயாபரன். இத்தனை வருஷம் ஒருத்தனைக் காதுக்குள் வைத்துக் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும். அவள் படியில் கால் வைத்தாள். அன்றைக்குக் கயிற்று ஏணி. பெண்கள் எல்லாரும் பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கீழே நின்ற லைட் ஆட்களை ‘அந்தப் பக்கம் திரும்புங்கடா’ என்று வைதுகொண்டே ஏறினார்கள். இப்போது இரும்புப் படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, பெயிண்ட் வாசனை. அன்றைக்கு மீன் நாற்றமும் பசை நாற்றமும் குடலைப் புரட்டியது. கரையில் கட்டியிருந்தாலும் கப்பல் ஆடும், ஆட ஆட ஆளாளுக்கு வாந்தி, ஒரே எலுமிச்சம்பழத்தைக் கைக்குக் கை மாற்றி மோந்தார்கள். அவள் மட்டும் வாந்தி எடுக்கவில்லை. அவளுக்கு அன்று வசனம் இருந்தது. வசனம் இருக்கிறவள் வாந்தி எடுப்பாளா?

ஒரே ஒரு வரிதான். ‘எங்க மண்ணை விட்டு வர மாட்டேன்.’ துரை அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகிற பெண்களில் ஒருத்தி எதிர்த்துச் சொல்ல வேண்டும், சொன்னதும் துரை அறைய வேண்டும், அவள் விழ வேண்டும். அதற்கு முன்னால் எத்தனையோ படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறாள். கல்யாண வீட்டில் நின்றிருக்கிறாள், எழவு வீட்டில் நின்றிருக்கிறாள், கதாநாயகிக்குப் பின்னால் குடத்தோடு ஆடியிருக்கிறாள். தோள் வரும், முதுகு வரும், முகம் வராது. ‘உன் குரல் நல்லா இருக்கு புள்ள, டப்பிங்குக்குப் போ, அங்க முகமே வேண்டாம்’ என்று துணை நடிகர் ஏஜென்ட் சொல்லி, கூட்டத்தோடு குரல் கொடுக்க அழைத்துக்கொண்டும் போயிருந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் யாரோ வாயசைக்க, இவள் குரல் போய் அந்த வாயில் உட்கார்ந்ததே, அடடா, அது ஒரு போதை. சொந்த முகத்தோடு ஒரு வசனம் பேசிவிட்டால் அங்கே நாலு பேர் மதிப்பார்கள் என்று நினைத்தாள். வடபழனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், கோபமாக, அழுகையாக, பல்லைக் கடித்துக்கொண்டு. கூட இருந்த பெண்கள் ‘மண்ணை விட்டுப் போய்த் தொலைடி, எங்களைத் தூங்க விடு’ என்று தலையணையை விட்டெறிந்தார்கள். காது போன பிறகு ஹெட்போனில் ஒரு பக்கம் ஊமை. எல்லாரும் தொடங்கினதற்கு ஒரு நொடி பிந்தித் தொடங்குவாள். அங்கே ஒரு நொடி பிந்தினால் ஆள் செத்தாள் என்று அர்த்தம். ஏஜென்ட் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, ஊரார் பிள்ளைக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டுக் காலம் போயிற்று. விதி, யாரைச் சொல்லி என்ன என்று கேட்பார்கள். ஏன், சொல்ல ஆளா இல்லை? டைரக்டர் மண்டையைப் போட்டுவிட்டார். கேமராமேனும் போயாச்சு. மிச்சம் இவன் ஒருத்தன். யமன்கூட இவனை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறான். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போகும்?

தளத்தில் கால் வைத்ததும் பாப்கார்ன் வாசனையும் ஜனங்களுமாக முட்டியது. தூரத்தில் முனையில் சிவப்புக் கோட்டு தெரிந்தது, அதைச் சுற்றி ஒரே சிரிப்பு. உடனே பார்க்க வேண்டாம் என்று கண்ணை நகர்த்திக்கொண்டாள். நகர்த்தின இடத்தில் இன்னும் மோசம். நடுப் பாய்மரத்தில் பெரிய டிவி ஒன்றைக் கட்டி அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். வாய் அசைகிறது. கை வருகிறது. விழுகிறாள். மறுபடி நிமிர்கிறாள். அட பாவி மகளே, எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறாய், கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் போல. ‘எப்படி விழுது பாருங்கத்தை அந்தப் பொண்ணு! நிஜமாவே அடி வாங்கின மாதிரி நடிச்சிருக்கு’ என்றாள் ஹேமா. மாதிரியாம். கதிரேசன் எல்லாம் தெரிந்தவனாக, ‘அதெல்லாம் டைமிங்தான் ஹேமா, கை மேலயே படாது, சத்தத்தை அப்புறம் சேர்த்துக்குவாங்க’ என்றான். பெற்ற பிள்ளை. வயிற்றில் சுமந்து, பாலூட்டி, பள்ளிக்கூடத்து எச்சில் தட்டைக் கழுவிப் படிக்க வைத்த பிள்ளை, தாய் முகத்தை ஆள் உயரத்துக்குப் பார்த்துக்கொண்டு டைமிங் என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு அவள் பிறந்தபோதே சுருக்கம் விழுந்த அம்மா. குரலாவது காட்டிக்கொடுத்திருக்கும், அதற்கும் வழியில்லை. அந்த வாயிலிருந்து வருகிற குரல் அவளுடையது இல்லை. டப்பிங் நாளில் அவள் காதில் பஞ்சும் சீழுமாகப் படுத்துக் கிடந்தாள், யாரோ ஒரு மூக்கடைத்த குரல்காரி வந்து ‘எங்க மண்ணை விட்டு வர மாட்டேன்’ என்று கீச்சிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அடி மட்டும் சொந்தம். அடிக்கு டப்பிங் கிடையாதே. டிவியில் கை மறுபடி வந்தது, மனோரஞ்சிதத்தின் கழுத்து தானாக வலது பக்கம் திரும்பியது. சீ என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

கழுத்தைத் திருப்பு, அதுதான் பாடம். ஸ்டண்ட் மாஸ்டர் காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். கை வரும், முகத்துக்கு முன்னால் போய்விடும், அதே நேரம் நீ கழுத்தை வெட்டித் திருப்பிக்கொண்டு விழு, கேமராவுக்கு அடி விழுந்த மாதிரி இருக்கும். ஒத்திகையில் கச்சிதமாக வந்தது. அப்புறம் டேக்குக்கு முன்னால் தயாபரன் அவளிடம் வந்தான். சினிமாவில் அது ஒரு வழக்கம், அடிக்கிற காட்சி என்றால் அடிக்கப் போகிறவர் அடி வாங்கப் போகிறவரின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். பெரியவர்களுக்குக் கேட்பார்கள், சம ஆட்களுக்குக் கேட்பார்கள். கூட்டத்தில் நிற்கிற பெண்ணிடம் எவன் கேட்டான்? அவன் கேட்டான். அத்தனை பேர் பார்க்க அவள் இரண்டு கையையும் பிடித்து, அந்த மஞ்சள் டோப்பாத் தலையைக் குனிந்து கண்ணில் ஒத்திக்கொண்டு, ‘தப்பா எடுத்துக்காத தங்கச்சி, மன்னிச்சிடு’ என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எவ்வளவு பெரிய வில்லன், எவ்வளவு பெரிய மனுஷன்! ‘ஐயோ அண்ணே, நல்லா அடிங்கண்ணே’ என்று பல்லைக் காட்டினாள். மடச்சி. அதற்குச் சற்று முன்னால்தான் டைரக்டர் அவனைத் தனியாக ஓரம் கட்டி, ‘நிஜமாவே விட்டுடு, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லாத, அப்பத்தான் மூஞ்சியில உண்மை வரும்’ என்று சொல்லியிருக்கிறார். இது பிற்பாடு லைட் பிடித்தவன் ஒருத்தன் சொல்லித்தான் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு நேரே வந்து அவள் கையைப் பிடித்திருக்கிறான். கோயில் கிடாய்க்குத் தண்ணீர் தெளித்து, அது குளிரில் தலையைச் சிலுப்பினால் சம்மதம் கொடுத்துவிட்டது என்று வெட்டுவார்களே, அதேதான். வழக்கத்துக்குக் கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் செய்யப் போகிற பாவத்துக்குக் கேட்டான். வசனத்தைச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. கை வந்தது, பாடத்தில் சொன்னபடி கழுத்தை வெட்டித் திருப்பினாள். அதனால்தான் கன்னத்துக்கு வந்த கை முழுசாகக் காதில் இறங்கியது. பாடத்தை மறந்து மரம் மாதிரி நின்றிருந்தால் கன்னம் வீங்கி நாலு நாளில் வடிந்திருக்கும். ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்தது இது. உள்ளே டப்பென்று ஏதோ கிழிந்தது. பலகையில் முகம் உரச விழுந்து கிடந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்டது. அதற்கப்புறம்... அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அதை இப்போது நினைக்க வேண்டாம்.

‘அடிக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம்!’ என்று மைக் வைத்திருந்தவர் கத்தினார். தொப்பை வைத்த ஆள், மாலுமி மாதிரி தொப்பி. மனோரஞ்சிதம் ஹேமாவின் கையை விட்டுவிட்டு நேரே போய் வரிசையில் நின்றாள். ‘அத்தை, நீங்களா?’ என்று ஹேமாவுக்கு ஒரே சிரிப்பு. ‘ஏங்க, உங்கம்மாவைப் பாருங்க, வில்லனை அடிக்கப் போறாங்க!’ கதிரேசன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளடா, நன்றாக எடுத்துக்கொள். முன்னால் காலேஜ் பையன்கள், ஒரு புது ஜோடி, பூப்போட்ட சுடிதாரில் ஒரு அம்மாள். இப்போது அவனை நேராகப் பார்த்தாள். கிழண்டுபோயிருக்கிறான். கோட்டுக்குள் உடம்பு காணாமல் போயிருக்கிறது, கன்னத்தில் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. ஒரு பையன் அறைந்தான். தயாபரன் சரியான நேரத்தில் கழுத்தை வெட்டித் திருப்பி, உள்ளங்கையால் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் எழுப்பி, மூன்று எட்டுத் தள்ளாடி விழுந்தான். ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். ஆஹா, கழுத்தைத் திருப்ப எவ்வளவு அழகாகத் தெரிகிறது தம்பிக்கு. சிலருக்குக் குறி தப்பி நிஜமாகவே படுகிறது, பட்டாலும் எழுந்து டோப்பாவைச் சரி செய்துகொண்டு சிரிக்கிறான். சிரிப்பா அது, பசித்தவன் இலையில் சோறு விழும்போது சிரிக்கிற சிரிப்பு. எப்படி அடிப்பது என்று மனோரஞ்சிதம் யோசித்தாள். விரல் நீட்டி அறைந்தால் சத்தம்தான். உள்ளங்கையைக் குழித்து, காதை மூடுகிற மாதிரி, அவன் திருப்புவதற்கு அரை நொடி முந்தி. ஒரு நொடி பிந்தித்தான் அவள் பிழைப்புப் போயிற்று, முந்துவதற்கு இன்றைக்கு ஒரு நாள். கிழவன் விழுந்து மண்டை உடைந்தால்? உடையட்டும். செத்துத் தொலைந்தால்? போலீஸ் வரும், கதிரேசன் வேலைக்குக் கெடுதல், பேரைப் பேப்பரில் போடுவார்கள். போடட்டும், ஒரு தடவையாவது முகத்தோடு பேர் வரட்டும். பயமா, சந்தோஷமா என்று தெரியவில்லை. சந்தோஷம்தான். பாவத்துக்குப் பயந்தவள் இவ்வளவு தூரம் படியேறி வருவாளா?

அப்போது மைக்காரர், ‘துரை அவர்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க’ என்று மைக்கை நீட்டினார். தயாபரன் தொண்டையைச் செருமினான். குரல் மட்டும் கிழண்டுபோகவில்லை, பாவிக்கு. ‘அன்னைக்கு என் கை தவறிப் பட்டுடுச்சுங்க. அந்தப் பொண்ணு அப்படியே சுருண்டு விழுந்துடுச்சு. நான் பதறிப்போய் மண்டி போட்டு, தங்கச்சி மன்னிச்சிடுன்னேன். அது என்ன சொல்லிச்சு தெரியுமா?’ என்று காதில் கையை வைத்துக்கொண்டான். ஜனங்கள் ஒரே குரலில் ‘பரவாயில்லண்ணே!’ என்று கத்தினார்கள். டிவி, செல்போன் எல்லாவற்றிலும் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். ‘தங்கமான மனசுங்க. அது எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்’ என்று கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தான். கை தவறிப் பட்டதாம். அது பொய், பொய்யை விடு. அந்தச் சொல் பொய் இல்லையே. அவள் சொன்னாள். ஐயோ, சொன்னாள். நினைக்க வேண்டாம், நினைக்க வேண்டாம் என்று இத்தனை வருஷம் அந்த இடம் வந்ததும் தாண்டித் தாண்டிக் குதித்தாளே, அது இதைத்தான். முகம் பலகையில், காதுக்குள்ளிருந்து சூடாக ஏதோ கழுத்துக்கு வடிகிறது, அவன் மண்டி போட்டுக் கையைப் பிடிக்கிறான். வழக்கத்தில் இரண்டாவது பாதி ஒன்று உண்டு. அடி வாங்கினவர் ‘பரவாயில்ல’ என்று சொல்ல வேண்டும், சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு ஒருத்தரும் அசையக் கூடாது, அசைந்தால் படத்துக்கு ஆகாது. எல்லாரும் அசையாமல் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. டைரக்டர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு வசனம், அடுத்த படம், டப்பிங், ஏஜென்ட், எல்லாம் அந்த முகத்தில் நின்றது. ‘சொல்லும்மா, எல்லாரும் நிக்கிறாங்கல்ல’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் வாயைத் திறந்து, சிரித்தாள், ரத்தம் வடிய வடிய ஈயென்று சிரித்து, ‘பரவாயில்லண்ணே’ என்றாள். சொன்ன நொடியில் அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். கப்பல் முழுக்க அசைந்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவனை மன்னித்தாளா என்ன? வாயில் வந்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு, வாரா வாரம் ஊரைக் கூட்டிக் கோரஸ் பாடுகிறான். காதை எடுத்தது போதாதென்று வாயையும் எடுத்துக்கொண்டானே, கட்டையில் போகிறவன்.

‘அடுத்து யாரு? அம்மா வாங்க, பயப்படாம வாங்க!’ மைக்காரர் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். பின்னால் ஹேமா விசில் அடித்தாள், அந்தப் பெண்ணுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. தயாபரன் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒத்திக்கொண்டான். வறண்ட, சூடான கை. ‘தாயி, தைரியமா அடிங்க. உங்க கையால வாங்கினா என் பாவம் கொஞ்சம் கரையும்’ என்றான். எல்லாருக்கும் சொல்கிற வசனம்தான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடி இடது கன்னத்தைக் காட்டினான். அவள் கையை ஓங்கினாள். உள்ளங்கை தானாகக் குழிந்தது. காது தெரிகிறது, டோப்பாவுக்குக் கீழே, நரை முடி முளைத்த காது, இதோ கைக்கெட்டின தூரத்தில். இத்தனை வருஷத்து மிக்ஸிச் சத்தமும் தோளில் இறங்கி முழங்கையில் வந்து நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். விபூதிக்கு நெற்றியைக் காட்டுகிறவன் மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறான். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பையன்கள் அடியிலும், அந்தச் சுடிதார் அம்மாள் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு வருகிறான், இவளும் ஒன்று போட்டால் முழுசாகக் குளித்து எழுந்துவிடுவான். அடித்தால் தீர்ந்துவிடும். எனக்கா தீரும், இவனுக்குத் தீரும். அடி கொடுத்து இவனை நான் கரையேற்றுவதா? மனோரஞ்சிதம் ஓங்கின கையைக் கீழே இறக்கினாள்.

‘நான் அடிக்க மாட்டேன்’ என்றாள்.

தயாபரன் கண்ணைத் திறந்தான். ‘எனக்கு வலிக்காதும்மா. சும்மா அடிங்க.’

‘வலிக்காதுன்னு தெரியுது. அதனாலதான். என் பேரு மனோரஞ்சிதம்.’ பேரைக் கேட்டு அவன் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. எப்படி ஓடும், அன்றைக்கு அவளுக்குப் பேர் ஏது, தங்கச்சிதானே. பாய்மரத்து டிவியைக் கை காட்டினாள். ‘அதோ விழுறா பாரு, அவ நான்.’

அவன் டிவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி டிவியைப் பார்த்தான். ‘அம்மா?’ என்று கதிரேசன் செல்போனை இறக்கினான். மைக்காரருக்குத்தான் தலைகால் புரியவில்லை, ‘பெரியோர்களே, என்ன பாக்கியம், அந்தத் தங்கமான அம்மாவே வந்திருக்காங்க!’ என்று கூவினார். ஜனங்கள் கை தட்டினார்கள். தயாபரன் கை இரண்டையும் குவித்துக்கொண்டு, ‘தங்கச்சி, நீயா... உன்னைத்தானே வாரா வாரம் சொல்லிட்டிருக்கேன். பரவாயில்லன்னு சொன்னியே, அந்த ஒரு சொல்லை வச்சுத்தான் உசுரோட இருக்கேன்’ என்றான். நடிப்பு இல்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

‘கை தவறிப் படல. நிஜமா அடிக்கச் சொன்னாங்க, நீ சரின்னுட்டு வந்து என் கையைப் பிடிச்ச. எனக்குக் காது போச்சு, குரல் இருந்தும் பிழைப்புப் போச்சு. ரத்தம் ஒழுக ஒழுக, ஊரே நிக்குதேன்னு சொன்னேன் அதை. நான் உன்னை மன்னிக்கல. அன்னைக்கும் மன்னிக்கல, இன்னைக்கும் மன்னிக்கல. இனிமே அந்தச் சொல்லை என் பேர்ல சொல்லாத.’

மைக்காரர் மைக்கை அவளுக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார். அவள் குரல் கப்பல் முழுக்கப் போயிற்று, தெளிவாக, ஒரு சொல் பிசகாமல். மைக்காரர் வழிந்துகொண்டே, ‘எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, பரவாயில்ல...’ என்று கையைத் தூக்கினார். ஒருத்தரும் சொல்லவில்லை. தயாபரன் அவள் வலது கையை இரண்டு கையாலும் பற்றி இழுத்துத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனான். ‘அப்ப அடி தங்கச்சி. எவ்வளவு வேணா அடி. அடிச்சுட்டாவது போ.’

‘மாட்டேன்’ என்று மனோரஞ்சிதம் கையை உருவிக்கொண்டாள். ‘நீ இப்படியே இரு.’ சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு படியைப் பார்த்து நடந்தாள்.